நிக்கோடெக்ஸ் சூயிங்கம்: மென்று துப்பும் மிட்டாய் அல்ல

சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நிக்கோடின் சூயிங்கம் இது. 2 மி.கி., 4 மி.கி. என இரு அளவுகள். தூங்கி எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 தேவைப்படும். அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். மற்றவர்களுக்கு 2 போதும்.

"வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலர் மெல்லும் முறையில்தான் தவறுகிறார்கள். மெதுவாக மெல்லுங்கள். காரமோ சுருக்கென்ற உணர்வோ வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவையுங்கள். உணர்வு அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படியே அரை மணி நேரம். நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். வேகமாக மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும். காபி, சோடா, பழரசம் குடித்து 15 நிமிடம் கழித்தே போடுங்கள். அமிலம் உறிஞ்சுதலைக் கெடுக்கும். டீக்கடையில் நிற்கும்போது பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்!

முதல் 6 வாரம் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2–4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4–8 மணி நேரத்துக்கு ஒன்று. நாளுக்கு 24-ஐத் தாண்டக் கூடாது.

சிகரெட் நிக்கோடின் சில நொடிகளில் மூளையைத் தொடும், இது மெல்லத்தான் ஏறும். ஆனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை. நுரையீரலையும் ரத்தக்குழாயையும் அரிப்பது அந்தப் புகைதான். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். கூடவே 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் கேளுங்கள்.