ஜான் பனியன்: எதை முதலில் வாசிப்பது?

17-ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளரான பனியனைப் பலரும் 1678-இல் வெளிவந்த ‘மோட்சப் பிரயாணம்’ (The Pilgrim’s Progress) என்ற உருவகக் கதையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று உருளும் காட்சி கண்ணிலேயே நிற்கும். தமிழ்க் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியத்தைப் பாடியதும் அதைத் தழுவித்தான்.

ஆனாலும் 1666-இல் வந்த அவருடைய தன்வரலாற்றையே (Grace Abounding to the Chief of Sinners) முதலில் வாசிக்கச் சொல்வேன். ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்த மனிதர், அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். மனைவி மக்களை, அதிலும் பார்வையற்ற மகளைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தெடுப்பது போலிருந்ததாக எழுதுகிறார். நடை கதையைப்போல இலகுவானதல்ல. பயமும் சந்தேகமும் திரும்பத் திரும்ப வரும், பொறுமை வேண்டும். முடித்த கையோடு, ‘மோட்சப் பிரயாண’த்தில் பயணிகள் சிறைப்படும் சந்தேகக் கோட்டைப் பகுதியை வாசியுங்கள். அந்தச் சிறையின் இருட்டு உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.