மணப்பெண் கைக்கு அரைத்த இலையா, கடைக் கோனா, வீட்டில் குழைத்த கோனா?

தங்கை கல்யாணம் தை மாதம். மண்டபமும் புடவையும் முடிவான பிறகும் மருதாணி விஷயத்தில் மட்டும் வீட்டில் ஒத்துப்போகவில்லை. "இலை வாசம் இல்லாமல் என்ன கல்யாணம்?" என்றார் அம்மா. தங்கைக்கு முழங்கை வரை ராஜஸ்தானி டிசைன் வேண்டும். சித்தியோ, "கடையில் கோன் கிடைக்கிறது, பத்து நிமிஷத்தில் சிவந்துவிடும், எதற்கு இத்தனை பேச்சு?" என்றார். மூன்றையும் என் கையில் முன்னாடியே போட்டுப் பார்த்தேன். கடைசியில் தங்கையின் கைக்கு வீட்டில் குழைத்த கோன்தான் போட்டோம். நாளைக்கே இன்னொரு கல்யாணம் வந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

அரைத்த இலையின் அருமை ஆடி மாதத்தில் கை சிவக்கப் போட்டு வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். கொட்டைப்பாக்கு, கிராம்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து மைபோல் அரைத்து, இரவு முழுக்க வைத்திருந்தால் வரும் சிவப்பு தனி. ஆனால் உள்ளங்கையில் ஒரு வட்டம், சுற்றிலும் புள்ளி, விரலுக்குத் தொப்பி, அதற்கு மேல் டிசைன் போக முடியாது. எவ்வளவு அரைத்தாலும் இலை நார் கோன் நுனியில் அடைத்துக்கொள்ளும். மெல்லிய கோடு இழுக்க அது ஒத்துவராது.

கடைக் கோனில் கோடு அழகாக இழுக்க வருகிறது, விலையும் குறைவு. ஒரு மணப்பெண்ணுக்கு இது போதாதா என்றுதான் முதலில் நானும் நினைத்தேன்.

என் மனதை மாற்றியது நாள் கணக்கு. மருதாணி இலையில் இருக்கும் சாயப்பொருளின் பெயர் லாசோன். அது தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உரித்தெடுத்தவுடன் ஆரஞ்சாகத்தான் இருக்கும். காற்று பட்டுப் பட்டு, ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகிறது. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடிமன் என்பதால் அங்கே நிறம் ஆழமாக ஏறும், புறங்கையில் வெளிறித்தான் இருக்கும். அரைத்த இலைக்கும் குழைத்த பொடிக்கும் இது பொது. இன்னொன்று, ஈரத்தில் குழைத்த மருதாணி வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வீரியம் இழந்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால்தான் மாதக்கணக்கில் தாங்கும்.

அப்படியென்றால், கடை அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்த கோன் பத்தே நிமிடத்தில் கருஞ்சிவப்பு தருகிறது என்றால் அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? மருதாணி அவ்வளவு வேகமாகச் சிவக்காது. உடனடிச் சிவப்புக்குச் சோடியம் பிக்ரமேட் போன்ற செயற்கைச் சாயம் கலப்பதுண்டு. கன்னங்கரேல் என்று வரும் 'கறுப்பு மெஹந்தி'யில் முடிச்சாயத்தில் போடும் பிபிடி இருக்கும். அது தோலைக் கொப்பளிக்க வைக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்க டை அடிக்க முடியாமலும் போகலாம். எங்கள் பெரியம்மா மகளுக்கு வரவேற்பு அன்று காலையில் யாரோ ஒரு கறுப்புக் கோன் போட்டுவிட்டார்கள். தாலி கட்டும்போதே கொடி டிசைன் அப்படியே தடித்து எழும்பியிருந்தது. தழும்பு மறைய மாதக்கணக்கானது. அதைப் பார்த்த பிறகு தங்கை கையில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

எல்லாக் கடைக் கோனும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நான் போட்டுப் பார்த்தது இரண்டே வகை. ஒன்றில் எரிச்சல் இருந்தது, இன்னொன்றில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டின் நிறமும் நான்கைந்து நாளில் செதில் செதிலாக உரிந்து கை திட்டுத்திட்டாகிவிட்டது. வீட்டுக் கோன் பத்து நாளுக்கு மேல் இருந்து சீராக மங்கியது.

சரி, வீட்டில் குழைப்பது சிரமமா? இல்லை. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்து சோஜத் மருதாணிக்குப் பேர்போன ஊர், 2021இல் புவிசார் குறியீடும் வாங்கியது. அந்த ஊர்ப் பொடி 100 கிராம் வாங்கி, மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்தேன். சர்க்கரை 25 கிராம், லாவெண்டர் எண்ணெய் 30 மில்லி, எலுமிச்சைச் சாறும் தண்ணீருமாகக் கால் லிட்டர் விட்டுக் குழைத்து மூடி வைத்தேன். நம் ஊர் வெக்கையில் எட்டு மணி நேரம் போதும். மேல்பக்கம் பழுப்பாக மாறும், உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் துடைத்தால் ஆரஞ்சு தெரியும். பத்துக் கோனுக்குக் குறையாமல் வந்தது. உருட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

டிசைன் போட வந்த பெண் தன்னுடைய கோனைக் கொண்டுவந்திருந்தாலும் எங்களுடையதையே எடுத்துக்கொண்டார். ஆள் வைத்துப் போடுகிறவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள்: எப்போது குழைத்தது, எங்கே வைத்திருந்தது, என்னென்ன சேர்த்தது? ஃப்ரீசரில் வைக்கத் தேவையில்லை என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

அப்புறம் எந்த நாளில் போடுவது என்பது. முகூர்த்தம் ஞாயிறு காலை, வரவேற்பு சனி மாலை. நாங்கள் வியாழன் சாயங்காலம் போட்டோம். நலங்கை அதற்கு முன்பே, அன்று காலையிலேயே வைத்துவிட்டோம். மருதாணிக்குப் பிறகு நலங்கு மாவு தேய்த்துக் குளித்தால் ஏறிய நிறத்தையும் தேய்த்து எடுத்துவிடும். இரவில் சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சால் ஒற்றினோம். வெள்ளி காலை தண்ணீர் படாமல் சுரண்டி எடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவினோம். கையைப் பார்த்ததும் தங்கைக்கு முகம் விழுந்துவிட்டது. "அக்கா, இவ்வளவுதானா?" என்றாள். நல்ல ஆரஞ்சு. சித்தி கடைக் கோன் வாங்கிவரக் கிளம்பியே விட்டார். நான் தடுத்து, தோசைக்கல்லில் கிராம்பைப் போட்டு அந்தப் புகையில் கையைக் காட்டச் சொன்னேன். கிராம்பு எவ்வளவு உதவியது என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, சூடு நல்லது என்பது மட்டும் தெரியும். சனி மாலை உள்ளங்கை மாதுளைத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. ஞாயிறு காலை இன்னும் ஒரு படி ஆழம்.

இரண்டு நாள் அவகாசமே இல்லாதவர்கள் சின்ன டிசைனோடு நிறுத்தி, ஆரஞ்சு நிறத்தையே ஏற்றுக்கொள்வது நல்லது. கைக்குழந்தைகளுக்கு இயற்கை மருதாணியும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடும்.

அம்மாவின் அரைத்த மருதாணியை நாங்கள் விடவில்லை. தங்கையின் கால் விரல் பத்துக்கும் அவரே உட்கார்ந்து தொப்பி வைத்தார். மீதி இருந்ததை வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு வட்டமாக வைத்துக்கொண்டோம். நகத்தில் ஏறிய நிறம் நகம் வளர்ந்து வெட்டும் வரை போகாது. சித்திரையில் தங்கை வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு கோடுகூட மிச்சமில்லை, கால் நகங்களில் அம்மா வைத்த சிவப்பு அப்படியே இருந்தது.