1,400 டொலருக்கு 300 குதிரைவலு: டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனம்

ரொறன்ரோப் பக்கம் பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வாங்கி, குறைந்த செலவில் வலுவைக் கூட்டலாம் என்று கராஜ் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கராஜின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி வேலை செய்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

என்னுடையது 2011 மொடல். 2.5 லீட்டர் எஞ்சின், கம்பனியிலிருந்து வரும்போதே 265 குதிரைவலு. "தம்பி, டவுன்பைப்பும் இன்டேக்கும் மாத்தி ஒரு டியூன் அடிச்சால் 300 சும்மா வரும். காசாய்த் தந்தால் 1,400 டொலரோட முடிச்சுத் தாறன், எச்எஸ்டி வேண்டாம்" என்றார் கராஜ்காரர். எச்எஸ்டி என்பது விற்பனை வரி. டவுன்பைப் டேர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய், இன்டேக் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய். 300 என்பது பொய்யில்லை. இந்தக் காரில் ஒழுங்காகச் செய்தால் அந்த அளவுக்குப் போகலாம். 'டியூன்' என்று அவர் சொன்னதுதான் பொய்.

உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சர் இன்டேக் குழாயில்தான் இருக்கிறது. கம்பனிக் குழாயின் விட்டத்துக்கு ஏற்றபடிதான் காரின் கணினியில் அட்டவணை எழுதப்பட்டிருக்கும். அகலமான குழாயைப் போட்டால் அதே காற்று சென்சரை மெதுவாகக் கடக்கும். கணினி அதைக் குறைந்த காற்று என்று எண்ணி, பெற்றோலையும் குறைத்து ஊற்றும். மறுபக்கம் புது டவுன்பைப்பில் புகை தடையில்லாமல் வெளியேறுவதால் பூஸ்ட், அதாவது டேர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறும். பூஸ்ட் கூடி, பெற்றோல் குறைந்தால் நொக்தான், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. இந்த எஞ்சினின் வார்ப்பு பிஸ்டன்கள் அதைத் தாங்காது, ரிங் உட்காரும் வரம்பு உடைந்துவிடும். சுபாரு வேலை தெரிந்த எவருக்கும் இது தெரியும். அதனால்தான் அந்த அட்டவணையைத் திருத்தி எழுதி, ஓட்டும்போது கணினி காட்டும் எண்களைப் பதிவெடுத்து, பார்த்துப் பார்த்துத் திரும்பத் திருத்துவார்கள். டியூன் என்பது அந்த வேலைதான்.

இவர்கள் மடிக்கணினியைச் செருகி, கையில் இருந்த ஏதோ ஒரு மேப்பை (கணினிக்கான அட்டவணைத் தொகுப்பை) ஏற்றிவிட்டுச் சாவியைத் தந்தார்கள். கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கவில்லை, பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை, பதிவும் எடுக்கவில்லை. கூடவே 'டைனோ ரிசல்ட்' (வலுவை அளக்கும் இயந்திரத்தின் முடிவு) என்று ஒரு தாள், 304 என்று பெரிதாகப் போட்டு. அதில் கோடு 7,500 ஆர்பிஎம் வரை போகிறது. என் எஞ்சின் 7,000-ஐத் தொடுவதற்கு முன்பே பெற்றோலை வெட்டிவிடும்! யாருடைய காரின் தாளோ.

401 நெடுஞ்சாலையில் ஏறி மிதித்தால் மெல்லிய கிணுகிணுப்பு. போன் அடித்துக் கேட்டதற்கு, "டேர்போ எண்டால் சத்தம் வரும்தானே." அப்புறம் நீலப் புகை, சிக்னலில் நிற்கும்போது நடுக்கம். வேறொரு டியூனரிடம் கொண்டுபோனேன். நொக் கேட்டால் இந்தக் கணினி ஒரு எண்ணைக் குறைத்து இக்னிஷனைப் பின்வாங்கும், அந்த எண் நல்ல நிலையில் 1.0. எனக்கு 0.4-க்கும் கீழே. சென்சர் அட்டவணையில் யாரும் கைவைக்கவேயில்லை, அப்படியே கம்பனி எண்கள். கொம்ப்ரஷன் பார்த்தால் மூன்று சிலிண்டர்கள் 130 பிஎஸ்ஐக்கு மேலே, நாலாவது 75.

ஒன்ராறியோவில் வாகனம் பழுதுபார்த்தால் எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம், செய்த வேலைக்குக் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதமும் உண்டு. அதைச் சொன்னால், "இது ரிப்பேர் இல்லை, மொடிஃபிகேஷன்" என்கிறார் கராஜ்காரர். ரசீதில் 'எக்ஸ்ஹோஸ்ட் வேலை' என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது, டியூன் என்ற சொல்லே இல்லை. எச்எஸ்டி வேண்டாம் என்ற பெருந்தன்மை எதற்கென்று இப்போது விளங்குகிறது.

செய்யவே வேண்டும் என்றால் முதல் செலவு கொம்ப்ரஷன், லீக்டவுன் (சிலிண்டரில் காற்றுக் கசிவு) சோதனைக்கும் புது பிளக்குக்கும் போகட்டும். பிறகு கம்பனிச் சாமான்களை அப்படியே வைத்துக்கொண்டு, உங்கள் காரின் பதிவைப் பார்த்து எழுதிய டியூன் மட்டும் போதும், வித்தியாசம் காலிலேயே தெரியும். இன்டேக்கைத் தொடவே வேண்டாம், அதில் சத்தம்தான் கூடுதல். 94 ஒக்டேன் பெற்றோலுக்கு எழுதச் சொன்னால் குளிர்காலத்திலும் 94தான் அடிக்க வேண்டும். காப்புறுதிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டியூனரிடம் கேட்க வேண்டியது, 'முன்பு செய்த காரின் பதிவு ஒன்றைக் காட்டுங்கள்' என்பது. இதைக் கேட்டிருந்தால் எங்கள் ஆள் பேச்சை மாற்றியிருப்பார்.

கார் இப்போது எஞ்சின் இறக்கிக் கிடக்கிறது. போன வாரம் அதே கராஜ்காரர் போன் அடித்தார். பாவித்த எஞ்சின் ஒன்று வந்திருக்கிறதாம், எனக்கென்றால் விலை குறைத்துத் தருவாராம்.