மூன்று வார லீவும் பெரியப்பாவின் டிப்ஸும்

பொங்கலுக்குக் கரும்பு தின்றுவிட்டு வரலாம் என்று மெல்பர்னிலிருந்து மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அதில் பாதி நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கழிந்தது. ஊரில் பெரியவர்களை விட்டுவிட்டு வெளியே இருக்கிறவர்களுக்கு உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு 66 வயது, கும்பகோணம் பக்கம் விவசாயம். ஒரு சொட்டு குடித்ததில்லை. இருபது வருடச் சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்து கல்லீரலில் கொழுப்பு படிந்து, கடைசியில் கல்லீரலே தழும்பாகி இறுகிப்போகிற சிரோசிஸில் போய் நின்றது. ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் பெரியம்மாவிடம் குரலைத் தணித்து "எப்பலேருந்து பழக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் குடிக்கிறார்கள். நவம்பரில் ரத்த வாந்தி எடுத்து, எண்டோஸ்கோப்பி வழியாக உணவுக்குழாயில் வீங்கிக் கசிந்த நாளங்களுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். அப்புறம் வயிற்றில் நீர், பெரியம்மா சொல்கிற மகோதரம். உப்பைக் குறைத்தும் மாத்திரை போட்டும் கேட்கவில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை ஆறேழு லிட்டர் எடுத்துவிட்டு, கூடவே ஆல்புமின் என்கிற புரதத்தை ஏற்றிக்கொண்டு வருவார்.

சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 'டிப்ஸ்' போடலாம் என்றார்கள். அண்ணன் முதலில் ஓட்டல் சர்வருக்குக் கொடுக்கிறதை நினைத்துக்கொண்டான். (பின்னால் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் "பார்த்துக் கொடுங்க சார்" என்றபோது அந்த அர்த்தமும் சரியாகிவிட்டது.) டாக்டர் நன்றாகவே விளக்கினார். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் ரத்தம் கொண்டுவருகிற போர்ட்டல் நாளம் கல்லீரலுக்குள் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. கழுத்து நாளம் வழியாக ஊசியைக் கொண்டுபோய், கல்லீரலுக்குள்ளேயே துளைத்து, போர்ட்டல் நாளத்தையும் கல்லீரலிலிருந்து வெளியே போகிற நாளத்தையும் ஒரு உறை போட்ட ஸ்டென்ட்டால் இணைத்துவிடுவோம், வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்றார். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முக்கொம்புல காவிரி தாங்காத தண்ணியக் கொள்ளிடத்துல திருப்புற மாதிரியா?" என்றார். டாக்டர் சிரித்து, அதேதான் ஐயா என்றார். "2018-ல மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சே?" என்பது அடுத்த கேள்வி. ஆளுக்கு நோய்தான் முற்றியிருந்தது, வாய் முற்றவில்லை. மாற்றுக் கல்லீரல் பேச்சையும் அவரே முடித்துவிட்டார்: புள்ள வயித்தக் கிழிச்சு எனக்கு வேணாம்.

இதயத்துக்கு எக்கோ, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. மெல்பர்னில் இதற்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டுமோ. பணம் கட்டுகிற இடத்தில்தான் என் ஆஸ்திரேலிய கார்டை மிஷின் மூன்று தடவை துப்பியது, கடைசியில் அண்ணன் ஜிபேயில் பாதி, சித்தப்பா கணக்கிலிருந்து பாதி. ஊர் வங்கிக் கணக்கை உயிரோடு வைத்திருங்கள். உள்ளே இரண்டரை மணி நேரம். போர்ட்டல் நாளத்துக்கும் வெளியேறும் நாளத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் 19-லிருந்து 8-க்கு வந்துவிட்டது, 12-க்குக் கீழே வந்தாலே ரத்தக்கசிவு பயம் நன்றாகக் குறையும் என்றார்கள். கழுத்தில் ஒரு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் வீட்டில் இருந்தோம். கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

கோளாறு வீட்டில் ஆரம்பித்தது. எட்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியப்பா சட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் போடக் கிளம்பினார், எப்போதோ விற்றுவிட்ட வயலுக்கு. என்னைப் பார்த்து அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையை நீட்டச் சொன்னால் விரல்கள் படபடவென்று தாழ்ந்து தாழ்ந்து எழுந்தன. பக்கவாதம் என்று பயந்து 108-ஐக் கூப்பிட்டோம், இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு.

பக்கவாதம் இல்லை. கொள்ளிடத்தில் போன தண்ணீர் காவிரிப் பாசன வயலுக்குப் பாயாது இல்லையா, அதுபோலக் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போன ரத்தம் சுத்தமாகாமல், குடலில் உண்டாகிற அம்மோனியா மாதிரியான கழிவுகளோடு மூளைக்குப் போகிறது. டிப்ஸ் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தக் குழப்பம் வரலாமாம். அதைத் தடுக்கத்தான் லாக்டுலோஸ் சிரப். அது தித்திப்பு. சர்க்கரைக்காரருக்கு இனிப்பு மருந்தா என்று பெரியம்மா மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார்! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அது உடம்பில் அநேகமாகச் சேருவதில்லை, தினம் இரண்டு மூன்று தடவை வெளிக்குப் போக வைத்து அந்தக் கழிவை இறக்குவதுதான் அதன் வேலை என்று யாரும் சொல்லவில்லை. நாலு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலம், மருந்துக்கு நேரே வெறும் அளவு. கையெழுத்து வாங்கிய படிவத்தில் குழப்பம் வரலாம் என்று ஒரு வரி இருந்தது உண்மைதான், எனக்கே அது புரியவில்லை. பக்கத்து வீட்டு யோசனைப்படி பருப்பும் முட்டையும் வேறு நிறுத்தியிருந்தார்கள். புரதத்தைக் குறைக்கவே கூடாது, படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று டயட்டீஷியன் போனில் சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை முதலிலேயே போட்டிருக்கலாம்.

எனிமா கொடுத்து, சிரப்பை ஏற்றி, குடல் கிருமிகளைக் குறைக்கிற ரிஃபாக்ஸிமின் மாத்திரை சேர்த்ததும் மறுநாள் சாயங்காலம் தெளிந்துவிட்டார். முதல் கேள்வி, "கரும்பு மிச்சமிருக்கா?" நான் கிளம்பும் முன் வெள்ளைத்தாளில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்: சிரப்பை நிறுத்தாதே, மலச்சிக்கல் வர விடாதே, பகலில் தூங்கி ராத்திரி முழித்தால் உடனே போன் செய். ஸ்டென்ட் அடைக்காமல் இருக்கிறதா என்று பார்க்கிற டாப்ளர் ஸ்கேனைக் கும்பகோணத்திலேயே எடுத்து அனுப்பினால் போதும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டேன். இப்போது அண்ணன் தினமும் ராத்திரி வாட்ஸப்பில் ஒரு எண் மட்டும் அனுப்புகிறான். நேற்று 3.