தீர்ப்பு உங்கள் கையில், பணம் அவர் பையில்: சிங்கப்பூரில் எந்த வழியில் வசூலிப்பது?

வழக்கில் ஜெயித்த பிறகும் எதிர்த்தரப்பு பணம் தரவில்லை என்றால், நீதிமன்றம் தானாக வசூலித்துத் தராது. அமலாக்கத்துக்கு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் (20,000 வெள்ளி வரை, இருதரப்பும் சம்மதித்தால் 30,000) வாங்கிய உத்தரவுக்கும் இதே கதைதான்.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, பொருள் பறிமுதலையும் கடன் முடக்கத்தையும் ஒரே அமலாக்க ஆணையில் கேட்கலாம். முன்பு தனித்தனி மனு. வசதிதான், ஆனால் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு உட்காருவது வீண். நிறைவேற்றும் செலவு முதலில் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

ஒரு உதாரணம். வீடு புதுப்பிக்கும் குத்தகைக்காரர் ஒருவர் உங்களுக்கு 9,000 வெள்ளி தர வேண்டும். அவர் கடை வைத்திருக்கிறார், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறார்.

பொருள் பறிமுதல்

பலரும் முதலில் நினைப்பது இதைத்தான். ஷெரிஃப் அலுவலக (நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் பிரிவு) அதிகாரி போவார், உங்கள் தரப்பில் ஒருவர் கூடப் போய்ப் பொருளைக் காட்ட வேண்டும். அதிகாரி பட்டியல் எடுத்து முத்திரை வைப்பார். பணம் வராவிட்டால் ஏலம். வீட்டில் இது பெரும்பாலும் கைக்கு எட்டாது: உடுப்பு, படுக்கை, ஓரளவு மதிப்புக்குட்பட்ட தொழில் கருவி ஆகியவற்றைத் தொட முடியாது. ஐந்து வருடப் பழைய சோஃபா ஏலத்தில் என்ன விலைக்குப் போகும்? பூட்டுத் திறப்பவருக்கும் ஏலக்காரருக்கும் கொடுத்தது போக மிச்சம் இராது. வீவக வீட்டையும் பறிமுதல் செய்து விற்க முடியாது. சட்டம் அதைக் காக்கிறது. மசேநிதி (மத்திய சேம நிதி) கணக்குக்கும் அதே பாதுகாப்பு.

கடை என்றால் நிலைமை வேறு. வாடிக்கையாளர் முன்னால் மரமறுக்கும் இயந்திரத்தில் முத்திரை விழுவதைப் பார்த்தவர் அன்றைக்கே பணத்தை எடுத்து வைப்பதுண்டு. ஆனால் அந்த இயந்திரம் தவணைக் கடனிலோ வாடகையிலோ எடுத்ததா என்று விசாரியுங்கள். நிதி நிறுவனம் "இது எங்களுடையது" என்று எதிர்ப்பு தெரிவித்தால் தகராறு நீளும், செலவு உங்கள் தலையில் விழும்.

கடன் முடக்கம்

எங்கள் கணிப்பில் பாதிப் பேர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்றாம் தரப்பு அவருக்குத் தர வேண்டிய பணத்தை உங்களுக்குத் திருப்பும் வழி இது. வங்கி இருப்பும் சட்டப்படி ஒரு கடன்தான்: வங்கி அவருக்குத் தர வேண்டியது. நோட்டீஸ் வங்கிக்குப் போனதும் தீர்ப்புத் தொகை அளவுக்குப் பணம் நிற்கும்.

எந்த வங்கி என்று தெரியாமல் குத்துமதிப்பாகப் போனால் காலி. உங்கள் பழைய ரசீதுகளைப் புரட்டுங்கள். முன்பணம் எந்தக் கணக்குக்கு அனுப்பினீர்கள்? அவர் கொடுத்த இன்வாய்ஸின் அடியில் வங்கிப் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கும். அதுவே போதுமான துப்பு.

இரண்டு குழிகள் உண்டு. மனைவியோடு கூட்டுக் கணக்கு என்றால் முடக்குவது எளிதல்ல. 2016இல் உயர் நீதிமன்றம் முடியாது என்றே தீர்ப்பளித்தது, ஆனால் பின்னர் அதே நீதிமன்றத்தின் வேறொரு தீர்ப்பு அதிலிருந்து மாறுபட்டது. முதலாளி தர வேண்டிய சம்பளத்தையும் அவரிடமே பிடிக்க முடியாது. ஆனால் அந்தக் குத்தகைக்காரருக்கு வேறொரு வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி, அவர் வாடகைக்கு விட்ட இடத்தின் வாடகை பாக்கி ஆகியவற்றைக் குறிவைக்கலாம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

விசாரணை ஆணை

சொத்து எங்கே என்று தெரியாதவர்களுக்கு. கடன்காரரை வரவழைத்து, வங்கி அறிக்கை, வரிக் கணிப்பு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கொண்டுவரச் சொல்லிக் கேள்வி கேட்கலாம். இதில் நேரடியாகப் பணம் வராது, தகவல்தான் வரும். ஆணையை அவர் கையில் நேரில் சேர்க்க வேண்டும். கதவைத் திறக்காமல் ஒளிபவரிடம் வாரங்கள் ஓடும். வராமலிருந்தால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரை போகலாம் என்பதால், நோட்டீஸ் கிடைத்ததும் சமரசம் பேச வருபவர்களும் இருக்கிறார்கள்.

நொடிப்பு (திவால்) மனு

குறைந்தது 15,000 வெள்ளி கடன் இருக்க வேண்டும். ஆக நம் 9,000 வெள்ளிக்காரருக்குக் கதவு மூடியது. வரம்பைத் தாண்டினாலும் முதலில் கோரிக்கை அறிவிப்பு அனுப்பி 21 நாள் பொறுக்க வேண்டும். பணம் இருந்தும் தராதவரை, குறிப்பாக நிறுவன இயக்குநரை, இந்த அறிவிப்பே அசைக்கும்: நொடித்துப்போனவர் அனுமதியின்றி இயக்குநராகத் தொடர முடியாது, அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போகவும் முடியாது. உண்மையிலேயே பணமில்லாதவர் என்றால், நீங்கள் செலவு செய்து மனுப்போட, அவருக்குப் பிணையின்றிக் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் வரிசையில் பங்கு கேட்பார்கள்.

எந்த வழியானாலும் முன்னதாக அக்ராவில் (நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையம்) தேடுங்கள். கடைப் பெயர் தனியார் வரையறு நிறுவனத்துடையதா, தனிநபர் வணிகமா? முந்தையது என்றால் தீர்ப்பு நிறுவனத்தின் மேல்தான். உரிமையாளரின் சொந்தக் கணக்கைத் தொட முடியாது.

நடுவில் அவர் தவணைக்கு வந்தால் எழுத்தில் வாங்குங்கள். தேதி, தொகை, கணக்கு எண், அதோடு "ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே" என்ற ஒரு வரி.