முட்டுக்காடு தட்சிணசித்ரா: வீட்டுப் பெரியவர்களோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம்

தஞ்சை வட்டாரத்து வேளாண் குடும்பத்தின் வீடாகக் காட்டப்படும் அந்த வீட்டின் திண்ணையில் என் அம்மா போய் உட்கார்ந்தார். காரை விட்டு இறங்கியதிலிருந்து மூட்டு வலி என்று சொல்லி மெல்ல நடந்து வந்தவர், திண்ணையைக் கண்டதும் முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தூணில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி மறு காலைத் தொங்கவிட்டு அமர்ந்தார். அவர் பிறந்து வளர்ந்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்களோடு சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இத்தனை ஆண்டுகளில் அவர் எந்த நாற்காலியிலும் அப்படி உரிமையோடு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சென்னையில் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போவது என்றால் பெரும்பாலும் குழந்தைகளை மனத்தில் வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். பெரியவர்கள் கூட வருகிறார்கள், நிழலாகப் பார்த்து உட்கார்ந்து பைகளைக் காக்கிறார்கள், மாலையில் களைத்துப் போய்த் திரும்புகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள தட்சிணசித்ராவுக்கு மூன்று தலைமுறையும் சேர்ந்து போய் வந்த பிறகு, அந்த வழக்கத்தை மாற்றக்கூடிய இடம் இது என்பது என் உறுதியான எண்ணம். இங்கே பாட்டிக்கும் தாத்தாவுக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. பேரப் பிள்ளைகளுக்குக் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. நடுவில் உள்ள நாம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலே போதும்.

இடத்தைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னிந்தியாவின் வாழ்வியலைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம் இது. டெபோரா தியாகராஜன் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இதை உருவாக்கி, 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டது. சுமார் 10 ஏக்கர் நிலத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா பகுதிகளைச் சேர்ந்த 18 வீடுகள் நிற்கின்றன. பொதுக் கட்டடங்களை வடிவமைத்தவர் செங்கல்லைக் கொண்டு எளிமையாகவும் அழகாகவும் கட்டியதற்குப் பெயர் பெற்ற லாரி பேக்கர். அவருக்குப் பின் பணியைக் கொண்டு சென்றவர் பென்னி குரியகோஸ்.

இவை பெரும்பாலும் பார்வைக்காகப் புதிதாகக் கட்டிய மாதிரிகள் அல்ல என்பதை உள்ளே நுழையும் முன்பே குழந்தைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். சொந்த ஊரில் இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு, நிலை என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து, அந்தந்தப் பகுதியின் தச்சர்களையும் கொத்தர்களையும் வைத்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்ன பிறகு என் மகள் கதவுகளைத் தொடும் விதமே மாறிவிட்டது. நிலைப்படியில் தேய்ந்து குழிந்திருந்த இடத்தில் தன் பாதத்தை வைத்துப் பார்த்து, "இங்கே எத்தனை பேர் மிதிச்சிருப்பாங்க, அப்பா?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வரலாற்றுப் பாடத்தில் வராத கேள்வி அது.

வேளாண் வீட்டின் முற்றத்தில் நின்றுகொண்டு அவள் கேட்ட அடுத்த கேள்வி, "நடுவிலே கூரையே இல்லையே, மழை பெஞ்சா வீட்டுக்குள்ளே தண்ணி வந்துடாதா அப்பாயி?" என்பது. அம்மா சிரித்துக்கொண்டே, "வரணும்னுதானே கண்ணு திறந்து வச்சிருக்கு" என்று தொடங்கினார். முற்றத்தின் நான்கு பக்கமும் கூரைத் தண்ணீர் விழும் இடங்களில் அண்டாவும் குடமும் வரிசையாக வைப்பார்களாம். முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்கமாட்டார்களாம். ஓட்டுத் தூசியும் காக்கை எச்சமும் கழுவிக்கொண்டு வரும் என்பதால் அதை வடிய விட்டுவிட்டு, அதன் பிறகு விழுவதைத்தான் வெள்ளைத் துணி கட்டிப் பிடிப்பார்களாம். "அந்தத் தண்ணியிலே பருப்பு வேக வச்சுப் பாரு, பூவா வெந்துடும். கிணத்துத் தண்ணியிலே அரை நாள் வெந்தாலும் கடுக்குன்னுதான் இருக்கும்" என்றார். மழைநீர் மென்னீர் என்பதையும் உப்பு மிகுந்த கடின நீரில் பருப்பு எளிதில் வேகாது என்பதையும் அறிவியல் பாடம் வேறு சொற்களில் சொல்கிறது. 2003ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்புத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டதைப் பள்ளியில் படித்திருந்த என் மகள், அதை அப்பாயிக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் அந்த இடத்தில் வாய் திறக்கவே இல்லை.

தமிழ்நாட்டுப் பகுதியில் நெல்லைச் சீமையின் ஆம்பூரிலிருந்து வந்த அக்கிரகார வீடு, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, செட்டிநாட்டு வணிகர் வீடு, குயவர் வீடு ஆகியவை அடுத்தடுத்து இருப்பதால், ஒரே மாநிலத்துக்குள் தொழிலுக்குத் தகுந்தபடி வீடு எப்படி மாறியது என்பது நடக்க நடக்கப் புரிகிறது. நெசவாளர் வீட்டில் தறிக்குத்தான் முதல் மரியாதை. மனிதர்கள் மீதி இடத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டில் வந்தவர் உட்கார்ந்து கணக்குப் பேசத் திண்ணை அகன்று விரிகிறது. பெரும்பாலோர் படம் எடுத்துக்கொள்வது செட்டிநாட்டு வீட்டின் முன்தான். அதன் மரவேலை அதற்குத் தகுதியானதுதான் என்றாலும், குயவர் வீட்டையும் கூடை முடைவோர் வீட்டையும் அதே நிதானத்துடன் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். செல்வர் வீடுகளை எங்கும் பாதுகாப்பார்கள். உழைத்தவர் வீட்டைக் கூடப் பிரித்துக் கட்டிக் காக்க வேண்டும் என்று எண்ணிய மனம் பெரியது.

கேரளப் பகுதிக்குள் போனதும் சுவரும் தரையும் குறைந்து மரமும் கூரையும் கூடிவிடுகின்றன. கோட்டயத்துக்கு அருகில் உள்ள புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவக் குடும்பத்தின் மர வீடு எனக்கு இந்த வளாகத்திலேயே மிகவும் பிடித்தது. நெல் சேமிக்கும் மர அறை வீட்டின் தலைமையான இடத்தில் இருக்கிறது; பூசையறைக்கு நாம் கொடுக்கும் மதிப்பை அந்த வீடு நெல்லுக்குக் கொடுத்திருக்கிறது. ஓட்டுக் கூரை ஏன் இவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்று குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழையின் வேகத்தைச் சொல்லிவிட்டு, அம்மா உட்கார்ந்த தஞ்சைத் திண்ணையின் கூரையை நினைவுபடுத்தினால், விடையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

விசாகப்பட்டினம் கடற்கரைப் பக்கத்து அரிபுரத்தின் வட்டமான மண்வீடு இன்னும் எளிதாகப் பேசுகிறது. மூலையே இல்லாத சுவர், ஏறக்குறைய தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்த கூரை. வங்கக் கடலின் புயற்காற்று மோதி நிற்க ஒரு முகம் இல்லாததால் சுற்றி வழுக்கிப் போய்விடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள், இந்த வீட்டின் முன் கொஞ்ச நேரம் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். கர்நாடகத்தின் இல்கல் நெசவாளர் வீடு கல்லால் ஆனது; சிக்மகளூர் வீடு இஸ்லாமியக் குடும்பம் ஒன்றினுடையது. இவற்றை நாங்கள் சற்று வேகமாகவே கடந்தோம், வெயில் அப்படி.

தெலங்கானாவின் இக்கத் நெசவாளர் வீட்டில் நின்றதைச் சொல்லாமல் விட மனமில்லை. மற்றத் துணிகளில் நெய்த பின்போ நெய்யும்போதோ வடிவம் வருகிறது. இக்கத்தில் நெய்வதற்கு முன்பே நூலில் வடிவம் வந்துவிடுகிறது. எந்த இடத்தில் சாயம் ஏறக்கூடாதோ அந்த இடத்தை இறுகக் கட்டி, சாயத்தில் முக்கி, அவிழ்த்து, மறுபடி வேறிடத்தில் கட்டி, வேறு சாயத்தில் முக்குகிறார்கள். பாவு என்ற நீளவாட்டு நூலிலும் ஊடை என்ற குறுக்கு நூலிலும் இப்படிச் செய்து, தறியில் இரண்டும் சந்திக்கும்போது வடிவம் பொருந்த வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் பூவின் ஓரம் கலைந்துவிடும். பீரோவில் இருக்கும் போச்சம்பள்ளி இக்கத் சேலையின் பூ ஓரங்கள் ஏன் சற்று மங்கலாக, இறகு போலப் பிரிந்து தெரிகின்றன என்பது என் மனைவிக்கு அன்றுதான் விளங்கியது. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேலையை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார்.

குழந்தைகளுக்குக் கையால் செய்து பார்க்க வாய்ப்பு உண்டு என்பதே இந்த இடத்தின் மற்றொரு பலம். மட்பாண்டம், கூடை முடைதல், ஓலை வேலை போன்றவற்றைத் தனிக் கட்டணம் செலுத்திச் செய்யலாம். சக்கரத்தில் உட்கார்ந்த என் மகள் முதலில் களிமண்ணை அழுத்தோ அழுத்தென்று அழுத்தியதில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து சரிந்துவிட்டது. குயவர் அவள் கைமேல் தன் கையை வைத்து, "தள்ளாதே பாப்பா, புடிச்சுக்கோ, அதுவா வரும்" என்றார். ஈரமான களிமண் அவள் இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே மெல்ல வாய் திறந்து உயர்ந்தபோது அவள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது ஒரு சிறிய அகல். சுடாத அந்த அகலைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே திரும்பினாள். விடுமுறை நாள்களிலும் பண்டிகைக் காலத்திலும் பொம்மலாட்டம், நாட்டார் ஆட்டங்கள் போன்ற நிகழ்ச்சிகள் நடப்பதால், அன்றைய நிகழ்ச்சி நேரங்களை நுழைவாயிலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஊஞ்சலும் சறுக்குமரமும் நீர் விளையாட்டும் எதிர்பார்த்துப் போகும் பிள்ளைகளுக்கு இந்த இடம் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் என்றால் வண்டலூர் உயிரியல் பூங்காவே பொருத்தம் என்பேன். 602 ஹெக்டேர் பரப்புள்ள அங்கே யானையும் புலியும் பேசும் மொழிக்கு விளக்கம் தேவையில்லை. இதே சாலையில் இன்னும் தெற்கே வடநெம்மேலியில் 1976ஆம் ஆண்டு முதல் இயங்கும் முதலைப் பண்ணையும் அருமையான இடம்தான். ஆனால் தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடத் திட்டமிடுபவர்களைப் பார்க்கிறேன். முதியவர்களை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை. ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும்.

காலை 10 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுவது மிக முக்கியம். மாலை 6 மணி வரை திறந்திருந்தாலும், நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் தவிர மற்றக் காலத்தில் பகல் 12 மணிக்கு மேல் வீடுகளுக்கு இடையிலான திறந்த வழிகளில் வெயில் கடுமையாக இருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பழைய வீடுகளின் படிகளும் நிலைப்படிகளும் உயரமானவை என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு கை கொடுக்க ஆள் வேண்டும். ஆனால் திண்ணைக்குக் குறைவில்லை. பத்து நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் உட்காரலாம். கார் இல்லாதவர்கள் மாமல்லபுரம் செல்லும் மாநகரப் பேருந்தில் ஏறி முட்டுக்காட்டில் இறங்கிக்கொள்ளலாம்.

சாப்பாட்டை வளாகத்துக்குள் இருக்கும் உணவகத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். முதல் முறை வந்தபோது இதை நாங்கள் செய்யவில்லை. பகல் ஒன்றரை மணிக்கு வெளியே வந்து, சாலையோரத்தில் பெரிய பலகை வைத்திருந்த ஓர் உணவகத்துக்குப் போனோம்; இடம் கிடைக்க நாற்பது நிமிடம், சாப்பாடு வர இன்னொரு அரை மணி நேரம் ஆயிற்று. சர்க்கரை நோய் உள்ள அம்மா பையில் இருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுச் சமாளித்தார். அன்று அவர் முகத்தில் பார்த்த வாட்டம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எங்கள் எதிர்வீட்டில் கோட்டயத்தைச் சேர்ந்த எண்பது வயது அம்மையார் மகனோடு இருக்கிறார். புதுப்பள்ளி வீட்டின் படத்தை என் மகள் கைப்பேசியில் காட்டியதும், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, நெல் அறையின் கதவையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவைத் திறக்கும்போது எழும் சத்தத்தை வாயாலேயே ஒரு முறை செய்து காட்டினார். மழை தொடங்குவதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு போகிறோம். அன்று வழி சொல்லப் போவது அவர்தான் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.