தரமணியா, ஆறு மாத கோர்ஸா, நேரே வேலையா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வடசென்னையில், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் சினிமா வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், அரசுப் பள்ளி. கையில் மூன்று கோர்ஸ் நோட்டீஸ் வைத்திருந்தான். "எடிட்டிங்தான் படிப்பேன்னு நிக்கிறான் பாப்பா. எதுல சேர்த்தா சோறு போடும், அத மட்டும் சொல்லு" என்றார் அக்கா. அன்று இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் இன்னும் பல வீடுகள் இருக்கும்.

ஆர்வம் இருக்கிறதா, திறமை இருக்கிறதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அக்காவிடம் கேட்டது வேறு. "இவன் சம்பளம் இல்லாம வீடு எத்தனை மாசம் தாங்கும்?" எந்தப் பாதை நல்லது என்பதை எங்கள் பக்கத்தில் இந்த ஒரு கேள்விதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

முதலில் தரமணி. தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் என்பது முழுப்பெயர். பழைய ஆட்கள் இன்னும் அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட் என்றுதான் சொல்வார்கள். 1945-ல் தொடங்கியது. முன்பு டிப்ளமோவாக இருந்தது, இப்போது நான்கு ஆண்டு காட்சிக்கலைப் பட்டப்படிப்பு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு (அதாவது எடிட்டிங்), இயக்கமும் திரைக்கதையும், டிஜிட்டல் இன்டர்மீடியட் (எடுத்த படத்தின் நிறத்தைச் சரிசெய்வது), அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் என்று பிரிவுகள். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. ஆனால் இடங்கள் கொஞ்சம்தான், தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு மாதிரியான பிரிவுகளுக்கு பிளஸ் டூவில் அறிவியல் பாடம் கேட்பது வழக்கம். அதனால் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கிற வீடுகள், பதினொன்றில் எந்த குரூப் எடுப்பது என்பதை இதையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

தரமணிக்கு உண்மையான செலவு கட்டணத்தில் இல்லை, அந்த நான்கு வருடத்தில் இருக்கிறது. கடையிலோ டெலிவரியிலோ சேர்ந்தால் மாதம் 15,000 ரூபாய் கொண்டுவருவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 மாதத்துக்கு 7,20,000 ரூபாய். அக்கா இந்தக் கணக்கைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதில் ஒரு சிறு பகுதியை அரசு திருப்பித் தருகிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் அதே தொகை. சேரும் அன்றே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கடற்கரையில் மாறி, பறக்கும் ரயிலில் தரமணி போவதற்கு அது தாராளமாக வரும்.

இவ்வளவு இழந்து அங்கே என்ன கிடைக்கிறது? பாடத்தைவிட பெரிய லாபம் கூட்டாளிகள். கேமரா படிக்கிறவன், சவுண்ட் படிக்கிறவன், டைரக்‌ஷன் படிக்கிறவள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து பயிற்சிப் படம் எடுக்கிறார்கள். வெளியே வந்ததும் ஒருத்தருக்கு வேலை கிடைத்தால் அடுத்தவருக்கு போன் போகிறது. 1986-ல் 'ஊமை விழிகள்' வந்தபோது தமிழ்நாடே பேசியது, அதை எடுத்தவர்கள் இந்த இன்ஸ்டிடியூட்டில் படித்த பிள்ளைகள். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் படித்ததும் இங்கேதான். சினிமாவில் சொந்தக்காரர் யாரும் இல்லாத எங்களுக்கு வேறு எந்த இடமும் இப்படி ஒரு சொந்தத்தை உண்டாக்கித் தராது.

அடுத்தது பையன் கையில் இருந்த நோட்டீஸ்கள், மூன்று மாதம், ஆறு மாதம், 'நூறு சதவீத வேலைவாய்ப்பு'. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அம்மா நகையை அடகு வைத்து 60,000 ரூபாய் கட்டி ஆறு மாத எடிட்டிங் கோர்ஸில் சேர்ந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். எங்கள் பேட்ச்சில் 24 பேர், ஓடுகிற மெஷின் 6. வகுப்பு 2 மணி நேரம். ஒரு மெஷினுக்கு நாலு பேர் என்றால் என் கை மவுஸில் இருந்தது நாளுக்கு அரை மணி. ஆறு மாதத்தில் 120 வகுப்பு, ஆக மொத்தம் 60 மணி நேரம். மணிக்கு 1,000 ரூபாய் கொடுத்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கணக்கை அப்போது போடத் தெரியவில்லை.

முதல் வேலையாக ராயபுரத்தில் ஒரு கல்யாண வீடியோ வந்தது. கேமராவில் கொஞ்சம், போனில் கொஞ்சம் எடுத்திருந்தார்கள், சவுண்டைத் தனியாக ரெக்கார்டரில் பிடித்திருந்தார்கள். தாலி கட்டும் இடத்தில் மேளச் சத்தமும் மேளக்காரர் கையும் ஒட்டவே இல்லை. ஆரம்பத்தில் சரியாக இருந்தது, போகப் போக விலகுகிறது. இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன், பிடிபடவில்லை. கடைசியில் அந்த ஸ்டுடியோ அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். போன் நொடிக்கு ஒரே எண்ணிக்கையில் ஃபிரேம் பிடிக்காது, வெளிச்சத்தைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கும், அதை முதலில் நிலையான 25 ஃபிரேமாக மாற்றிவிட்டுத்தான் டைம்லைனில் போட வேண்டும் என்று. ஆறு மாதம் எனக்கு டிரான்ஸிஷனும் டைட்டில் எஃபெக்டும் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாள் வேலையில் தேவைப்பட்டது ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

தனியாரில் நல்ல இடங்களும் இருக்கின்றன. ராஜீவ் மேனனின் மைண்ட்ஸ்கிரீன், சாலிகிராமத்தில் எல்.வி. பிரசாத் அகாடமி எல்லாம் வேலை தெரிந்தவர்கள் நடத்துபவை. கட்டணமும் அதற்கேற்றபடிதான். நான் பயப்படுவது மாடிப்படி ஏறினால் கண்ணாடிக் கதவும் ஏசியும் இருக்கிற அறைகளைப் பார்த்து. பணம் கட்டும் முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார விடச் சொல்லுங்கள், மெஷினை எண்ணுங்கள், தலையை எண்ணுங்கள். உண்மையான ஷூட்டிங் ரஷ்ஸை, அதாவது வெட்டாத மூலக் காட்சிகளைக் கையில் கொடுப்பார்களா, யூடியூபில் இறக்கிய துண்டுகளை வெட்டச் சொல்வார்களா என்று கேளுங்கள். போன வருடம் முடித்த நான்கு பேரின் போன் நம்பர் கேட்டால் முகம் மாறுகிற இடத்தில் சேர வேண்டாம்.

மென்பொருளைக் கற்றுக்கொள்ள மட்டும் என்றால் பணமே வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் 4கே வரை முழுப் படமே எடிட் செய்யலாம். அதை உருவாக்கிய பிளாக்மேஜிக் நிறுவனமே பயிற்சிப் புத்தகங்களையும் பழகுவதற்கான காட்சிகளையும் இலவசமாகத் தருகிறது. 16 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டர் வேண்டும், அது ஒன்றுதான் செலவு. அந்த 60,000-ஐ இப்போது கையில் கொடுத்தால் நான் செகண்ட் ஹேண்டில் மெஷின் வாங்கிப் போட்டுவிட்டு மீதியை அம்மாவிடம் கொடுப்பேன்.

சரி, படிப்பே வேண்டாம், நேரே போய் ஒருத்தரிடம் உதவியாளராகச் சேரலாம் என்பது மூன்றாவது வழி. இது மட்டமான வழி இல்லை. ஜீவாவும் கே.வி. ஆனந்தும் பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளர்களாக இருந்துதான் ஒளிப்பதிவாளர் ஆனார்கள். எடிட்டிங்கில் புதுப் பையனுக்கு வரும் வேலை, கேமரா கார்டில் இருப்பதை இரண்டு மூன்று ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுவது, கிளாப் சத்தத்தையும் படத்தையும் பொருத்துவது, சீன், ஷாட், டேக் வாரியாகப் பெயர் வைப்பது. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் ஒரு டிஸ்க் தவறினால் ஒரு நாள் ஷூட்டிங் போச்சு, அதனால் நம்பிக்கை வந்த பிறகுதான் கையில் கொடுப்பார்கள். அந்த நம்பிக்கை வரும் வரை பேட்டா என்கிற தினப்படிதான், சில இடத்தில் சாப்பாடு மட்டும்தான். பெரிய படங்களில் தொடர்ந்து வேலை செய்ய யூனியன் கார்டு வேண்டும், அதற்கும் தனியாகப் பணம் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று தூரம். எடிட்டிங், டப்பிங், மிக்ஸிங் எல்லாம் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் குவிந்து கிடக்கிறது. மெட்ரோ 2021-ல் விம்கோ நகர் வரை வந்த பிறகு, சென்ட்ரலில் மாறி வடபழனி போவது எளிதாகிவிட்டது. ஆனால் கரெக்‌ஷன் முடியும்போது ராத்திரி ஒரு மணி, அப்போது மெட்ரோ ஏது? நான் உதவியாளராக இருந்தபோது ஆட்டோவுக்கே பாதிப் பேட்டா போனது. என்னோடு சேர்ந்த இன்னொரு பெண் இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுப் போனாள். அவள் என்னைவிட நல்ல எடிட்டர். மகளை அனுப்புகிற வீடுகள் சம்பளத்துக்கு முன்னால் ராத்திரி வண்டி அனுப்புவார்களா என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படவே வேண்டாம்.

விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் டிகிரி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மூன்று வருடம், லயோலா உட்பட நகரத்தில் நிறையக் கல்லூரிகள். சேனல், விளம்பரக் கம்பெனி என்று டிகிரி கேட்கிற இடங்களுக்கு உதவும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்காட்டுவார்கள், ஒரு கைத்தொழிலில் ஊறுவது உங்கள் பொறுப்பு. டிகிரி முடித்த, வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இயக்குநர் வெற்றிமாறன் தொடங்கிய திரை-பண்பாடு ஆய்வகம் கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறது என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் கண்டுகொள்ளாத இரண்டு வழிகள் எங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்று அரசு ஐடிஐ. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம், அரசு நிலையங்களில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. இதற்கும் சினிமாவுக்கும் என்ன என்று அக்கா கேட்டார். ஷூட்டிங்கில் 4 கிலோவாட் விளக்கு ஒன்று வருகிறது. 230 வோல்ட்டில் அது 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டுச் சுவரில் இருக்கிற 15 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் என்ன ஆகும் என்று தெரிந்த லைட்மேனுக்கு மரியாதையே தனி. அப்புறம், படம் இல்லாத மாதத்திலும் அந்தச் சான்றிதழுக்கு வேலை உண்டு. மற்ற எந்தப் பாதையும் இந்தப் பாதுகாப்பைத் தராது.

இன்னொன்று பெரியமேட்டில், 1850-ல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி. வியாசர்பாடியிலிருந்து ஒரு பஸ் தூரம். கலை இயக்குநர் தோட்டா தரணி, இயக்குநர் பா. ரஞ்சித் இருவரும் அங்கே படித்தவர்கள். வரையக் கை வருகிற பிள்ளையை ஆறு மாத அனிமேஷன் கோர்ஸில் தள்ளாதீர்கள். மென்பொருள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும், அங்கே பழகின கை மாறாது. புளியந்தோப்பு சுவர்களில் நோட்டீஸ் ஒட்டுகிற கோர்ஸ்களின் பெயர் எல்லாப் பையன்களுக்கும் தெரிகிறது, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற இந்தக் கல்லூரி பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம்.

அக்கா வீட்டுக் கணக்கு இதுதான். மூத்தவள் வேலைக்குப் போகிறாள், இவன் கையில் கொஞ்சம் கொண்டுவந்தால் நான்கு வருடம் இழுத்துவிடலாம், ஒன்றுமே கொண்டுவராவிட்டால் முடியாது. ஆகவே தரமணியில் படத்தொகுப்புக்கு விண்ணப்பம், கூடவே எலக்ட்ரீஷியனுக்கு ஐடிஐ விண்ணப்பம். எது கிடைத்தாலும், சனி ஞாயிறு எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அதே ராயபுரம் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வேலை. அண்ணனிடம் பேசிவிட்டேன், முகூர்த்த நாளுக்குச் சம்பளம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நோட்டீஸ் மூன்றையும் பையன் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். நேற்று திரும்ப வந்து, "அக்கா, சாதிச் சான்றிதழ் ஒரிஜினல் கேப்பாங்களா, ஜெராக்ஸ் போதுமா?" என்று கேட்டான். இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.